நான்காவது ஊசி

ஒரே கருவில் பிளந்த இருவர் என்பதால்
சோல்ருனுக்கு அவர்கள் வேண்டியிருந்தார்கள்.
ஹோக்னி, தும்மாஸ். ஐம்பத்தொன்பது வயது.
ஃபாரோ தீவில் ஓர் ஓடை,
ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு வீடு, அந்தப் பக்கம் ஒரு வீடு.
பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.
அப்பா விட்டுப்போன மேய்ச்சல் நிலம், அதில் ஒரு கிடா,
அவ்வளவுதான், என்றார் ஹோக்னி.
அந்தக் கிடா செத்தே ஒன்பது வருஷம், என்றார் தும்மாஸ்.
வேறு வேறு நாளில்தான் சொன்னார்கள்.
சொல்லும்போது இருவருமே
இடது காதைத் தேய்த்துக்கொண்டார்கள்.

கல்லீரலைத் தின்னும் வைரஸ் ஒன்றின்
சட்டைத் துணியை மட்டும் நெய்தெடுத்த மருந்து.
உள்ளே ஆள் கிடையாது.
இந்தச் சட்டையில் ஒருவன் வருவான், விடாதே
என்று உடம்புக்குக் காட்டிவைப்பது.
மூன்று முறை காட்டினால்
பெரும்பாலான உடம்புகள் பிடித்துக்கொள்ளும்.
சில உடம்புகள்
வேண்டாத விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும்.
ஏன்?
அந்த ஒற்றைச் சொல்லுக்குள் சோல்ருன் குடிபோய்
பதினான்கு வருஷம்.

மைனஸ் எண்பதிலிருந்து எழுந்து வந்த குழாய்கள்
மெல்ல உருகிச் சொல்லின.
ஹோக்னி: எண்ணூற்று நாற்பது.
தும்மாஸ்: மூன்று.
பத்துக்குக் கீழே என்றால் காவல் இல்லை என்று கணக்கு.
இயந்திரத்தைத் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினாள்.
மூன்று.

விதை ஒன்று. மண் ஒன்று.
புகை, தூக்கம், உடல் எடை,
சின்ன வயதில் வந்த காய்ச்சல்கள்
எல்லாவற்றுக்கும் படிவத்தில் கட்டம் இருந்தது.
அண்ணன் தம்பி பேசுகிறார்களா என்பதற்குக் கட்டம் இல்லை.
போடவும் மாட்டாள்.
இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது,
இது அவள் மாணவர்களுக்கு எழுதிக்கொடுக்கும் முதல் வரி.

உங்களுடையது மூன்று, என்றாள்.
தும்மாஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.
அவனுடையது?
சொல்லக்கூடாது.
சொல்ல வேண்டாம், தெரிகிறது.
வயிற்றுக்குள்ளேயே அவன்தான் முதலில் சாப்பிட்டான்,
பிறந்தபோது என்னைவிட அரைக் கிலோ அதிகம்.
சிரித்தார். பிறகு
மற்றக் கையை நீட்டினார்.
சரி, இன்னொன்று போடு, இந்தக் கையாவது
காது கேட்கிறதா பார்ப்போம்.

ஊசி மூன்றோடு முடியும் என்பது ஊருக்கே தெரியும்.
நான்காம் முறை
மருத்துவமனை வாசலில் தும்மாஸின் நீல வண்டி நின்றதை
மீன் தொழிற்சாலைக்குப் போகிற பஸ் முழுக்கப் பார்த்தது.
அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவர் ஹோக்னி.

அடுத்த நாள் போன் வந்தது.
என்னிடம் இருப்பது நிறையவா?
நிறைய.
அதில் கொஞ்சம் எடுத்து
வேறு ஒருவருக்கு, அதாவது, பொதுவாகக் கேட்கிறேன்,
கொடுக்க முடியுமா?
கொடுத்தாலும் சில மாதம்தான் நிற்கும், என்றாள் அவள்,
கடன் வாங்கிய பொருள் மாதிரி.
உடம்பு தானே செய்தால்தான் உண்டு.
எதிர்முனையில் வைப்பர் ஓடும் சத்தம்.
வைத்துவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து
தும்மாஸின் எண்: நான்கு.
ஒன்று கூடியிருக்கிறதே, என்றார்.
அது இயந்திரத்தின் நடுக்கமாகக்கூட இருக்கலாம்,
என்று சொல்ல வாயெடுத்தவள் சொன்னாள்,
சொல்லாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லை.
அவர் தலையாட்டினார்.
எழுந்து கதவு வரை போனவர் திரும்பினார்.

வீட்டு வாசலில் ஓர் ஆட்டுத்தொடை தொங்குகிறது.
காற்றில் உலர்த்தியது, ஒரு குளிர்காலம் முழுக்க.
சீட்டு எதுவும் இல்லை.
அந்த நாற்றம் எந்தக் கொட்டகையுடையது என்று
எனக்குத் தெரியாதா.
சாப்பிட்டால் உன் பரிசோதனை கெடுமா?

கெடாது, என்றாள்.

இன்னும் சாப்பிடவில்லை, என்றார்.
கத்தி தீட்டக் கொடுத்திருக்கிறேன்.

அவர் போன பிறகு கோப்பைத் திறந்தாள்.
காரணம் என்ற இடத்தில்
தெரியவில்லை என்று எழுதினாள்.
ஜன்னலுக்கு வெளியே மழை
இரண்டு கரைக்கும் ஒரே அளவில்
பெய்வதுபோல்தான் தெரிந்தது.
அளந்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.